கெட்டிலின் வயிற்றில் ஒரு மாவுக்கட்டு

ஜூன் 4

அண்ணாவுக்கு,

போனில் பேச மாட்டேன் என்று அண்ணியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். போனில் ஒன்றைச் சொல்லிவிட்டு மறுநாளே "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்று கேட்பது உங்களுக்குக் கைவந்த கலை. காகிதத்தில் அது நடக்காது. அதனால் நீங்களும் காகிதத்திலேயே பதில் எழுதுங்கள்.

நேற்றுக் காலை அந்த நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். வேலைக்கான உத்தரவைக் கையில் தரப்போகிறார்கள் என்று நினைத்து இஸ்திரி போட்ட உடுப்பில் போனேன். கண்ணாடி, எவர்சில்வர் மாதிரி வேறொரு இடத்துப் படத்தில் வெட்டி ஒட்ட முடியாத சாமான்களைப் படம்பிடிக்க அங்கே தனிப் பிரிவு தொடங்குகிறார்கள். அதற்குத் தலைமை தாங்க ஆள் தேடினார்கள். நம் ஸ்டூடியோவில் செய்த கெட்டில் விளம்பரத்தைக் காட்டி, அந்தக் கெட்டிலைப் பதிவு செய்தது நான்தான் என்று சொல்லியிருந்தேன். பிரிவைத் தொடங்கும் மேடம் அதை நாலு முறை ஓட்டிப் பார்த்திருக்கிறார். ரயில் ஜன்னலில் இருக்கும்போது கெட்டிலின் வயிற்றில் வயல் ஓடுகிறது, கடற்கரையில் இருக்கும்போது அலை வளைந்து வருகிறது, ஆனால் கெட்டில் ஓர் அறையை விட்டு நகரவே இல்லை என்றால் நம்ப முடியவில்லை என்று முதல் சந்திப்பில் வாய்விட்டுச் சொன்னவர் அவர்.

நேற்று அதே மேடம் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். வழக்கப்படி உங்களுக்கு போன் போட்டு விசாரித்தார்களாம். நீங்கள் சொன்னதை ஒரு தாளில் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். நானே படித்தேன்.

"எங்க பாப்பாதானே? நல்ல பொண்ணு. கண்ணாடியெல்லாம் பளிச்சுனு துடைச்சு வைப்பா. கெட்டில் வேலை நடந்தப்போ கை ஒடிஞ்சு லீவுல இருந்தா. வருகைப் பதிவேட்டைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

எனக்கு முப்பத்து நாலு வயது. தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. ஊரே கேட்கும்படி இன்னும் பாப்பா.

"வேலை தெரியுமான்னு பார்க்க ஒரு நாள் போதும். ஆனா அடுத்தவங்க செஞ்சதைத் தன்னுதுன்னு சொல்றவங்களை நாங்க வச்சுக்க முடியாது" என்றார் மேடம். இந்த மாதக் கடைசி வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் உங்கள் கையெழுத்தில் உண்மை வந்து சேர வேண்டும். வராவிட்டால் நான் பொய்க்காரி. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இங்கே கதவைச் சாத்தினால் எங்கும் சாத்தியதுதான்.

திரைகளைச் சுற்றி வைத்து, அவற்றில் கோடுகளை ஓடவிட்டு, சாமானின் ஒவ்வொரு புள்ளியும் எந்த இடத்து வெளிச்சத்தை வாங்கி நம் கண்ணுக்குத் தருகிறது என்று கண்டுபிடிக்கும் இந்தப் பதிவு முறையை நம் ஸ்டூடியோவில் கொண்டுவந்தது யார்? ஜன்னலில் கறுப்புத் துணியை ஆணியடித்தது யார்? எட்டு வருஷம் அந்தக் கறுப்பறைக்குள் வெயில் தெரியாமல் இருந்தது யார்? இவை மூன்றுக்கும் பதில் எழுதி நேராக மேடத்துக்கு அனுப்புங்கள். முகவரி பின்பக்கம் இருக்கிறது.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம்.

தங்கை

*

ஜூன் 11

பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அதென்ன திடீரென்று நீங்கள், வாருங்கள், போங்கள்? மூக்கில் சளி ஒழுகிய நாளிலிருந்து என்னை வாடா போடா என்றவள் நீ. இப்போது கோர்ட் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கிறாய். நானும் பதிலுக்குத் தாங்கள் என்று எழுதத் தெரியாதவன் அல்ல. என் வயதுக்கு அது நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாய். இப்போது நான் கேட்கிறேன். வாசனைத் திரவிய பாட்டில் வேலை பாதியில் நிற்கும்போது, ஒரு வார்த்தை சொல்லாமல், காலை ஏழு மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது யார்? வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்திருக்கிறார். "தங்கச்சி எங்கே?" என்று கேட்கிறார். நான் அவருக்கு முன்னால் அசடு வழிந்துகொண்டு நிற்கிறேன். காரணம் என்ன? கெட்டில் விளம்பரத்துக்கு விருது கொடுத்த விழாவில் உன்னை நாலாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டார்களாம். நாற்காலியை நானா போட்டேன்? ஒரு நாற்காலிக்காக எட்டு வருஷத்தை உதறிவிட்டுப் போவார்களா?

மேடையில் நான் "என் முறை" என்று சொன்னேன் என்று அண்ணியிடம் பொருமியிருக்கிறாய். ஸ்டூடியோ என்னுடையது. அதில் நடக்கும் எல்லாவற்றையும் நான் என்னுடையது என்றுதான் சொல்வேன். வீட்டை என் வீடு என்று சொன்னால் கொத்தனார் வந்து சண்டை போடுகிறாரா?

போனில் அவர்கள் கேட்டபோது எனக்கு என்ன ஞாபகம் இருந்ததோ அதைச் சொன்னேன். நீ சாமான்களைத் துடைப்பதைச் சொன்னது பாராட்டாகத்தான். உன்னைப் போல யாருக்கும் துடைக்க வராது. லீவு விஷயத்தைப் பதிவேட்டில் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். இப்போதும் அது என் முன்னால் விரித்தபடி இருக்கிறது. இருபத்தொரு நாள், வரிசையாக, அண்ணியின் கையெழுத்தில், விடுப்பு, விடுப்பு, விடுப்பு. நான் பதிவேட்டை நம்புவேனா, உன் கோபத்தை நம்புவேனா?

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நல்ல வேலை கிடைக்கப்போகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. முக்கியமில்லை, சும்மாதான் கேட்கிறேன். அந்த பாட்டிலை நானே பதிவு செய்து பார்த்தேன். தோட்டத்துப் படத்தின் மேல் வைத்தால், பாட்டிலுக்குள்ளே தோட்டம் தெரியாமல் தரை ஓடு பதித்த மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிகிறது. கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். உனக்கு ஏதாவது தோன்றினால் ஒரு வரி எழுது. தோன்றாவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணன்

*

ஜூன் 16

அண்ணாவுக்கு,

பதிவேட்டை மூடி வையுங்கள். அதை எழுதச் சொன்னது யார் என்று நான் சொல்கிறேன்.

மாடிப்படியில் வழுக்கி என் இடது மணிக்கட்டு ஒடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாவுக்கட்டுப் போட்டு நாலு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். அம்மா என் அறைக்கே படுக்கையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு காவல் இருந்தாள். செவ்வாய்க்கிழமை அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து நீங்கள் உள்ளே வந்தீர்கள். கட்டிலில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினீர்கள். "கெட்டில் நின்னு போச்சுன்னா ஸ்டூடியோவே நின்னு போயிடும். உன்னை விட்டா யாருக்குமே அது தெரியாது. ஒரு கையால முடியாதா பாப்பா?"

உன்னை விட்டால் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு உங்கள் வாயிலிருந்து வந்த வார்த்தை அதுதான்.

அண்ணியிடம் என்ன சொன்னீர்கள் என்பதும் என் காதில் விழுந்தது. பதிவேடு எந்நேரமும் சாப்பாட்டு மேசையில் கிடக்கும், அம்மா அதைப் புரட்டிப் பார்ப்பாள் என்று பயந்து, "லீவுன்னு போட்டுடு, அம்மா பார்த்தா ரகளை ஆயிடும்" என்றீர்கள். தோழி வீட்டில் படுத்து ஓய்வெடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் நான் பொய் சொன்னேன். இருபத்தொரு நாள் அந்தத் தோழி வீட்டுக்கு ஒற்றைக் கையோடு போய்வந்தேன். அம்மாவுக்குப் பயந்து நாம் மூன்று பேரும் சேர்ந்து சொன்ன பொய்யை இன்று எனக்கு எதிராகவே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எப்படி மனம் வந்தது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். மறந்துவிட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

துடைப்பதைப் பற்றி. ஆமாம், துடைத்தேன். கெட்டிலின் மேல் ஒரு விரல் ரேகை இருந்தால், அது ரயிலிலும் இருக்கும், கடற்கரையிலும் இருக்கும், பனிமலையிலும் இருக்கும். துடைத்த பிறகு அது மயிரளவும் நகரக் கூடாது. மொத்தக் கோடுகளும் ஓடி முடிய ஒன்றரை மணி நேரம். அதில் நடுவில் யாராவது மேசையில் சாய்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். யார் சாய்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி உங்கள் நினைவுக்கு அப்பாற்பட்ட ஒரு சாட்சி. கறுப்பறையில் எல்லோரும் கறுப்பு உடுத்த வேண்டும் என்பது என் சட்டம். எவர்சில்வர் தன்னைச் சுற்றியிருக்கும் எதையும் விடாது. வெளுப்பாக எது நின்றாலும் வாங்கிக்கொள்ளும். என் மாவுக்கட்டு வெள்ளை. அதை மறைக்க உங்கள் அலமாரியிலிருந்து ஒரு கறுப்பு சாக்ஸை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டேன். நாள் முழுக்க அது நழுவிக்கொண்டே இருந்தது. கடைசி நாள், கடைசிப் பதிவில், முன் திரைக்கும் இடது திரைக்கும் நடுவிலிருந்த சந்தில் நான் நின்றபோது சாக்ஸ் விரல் வரைக்கும் இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. கெட்டிலுக்குத் தெரிந்துவிட்டது. கைப்பிடி சேரும் இடத்துக்குக் கீழே, இடது பக்கம், அரிசி அளவு வெளுப்பு. ரயிலானாலும் கடலானாலும் பனியானாலும் அந்த வெளுப்பு மட்டும் மாறாமல் நிற்கும்.

அதைப் படம் படமாக அழிக்கச் சொல்லி நீங்கள் நம் ரப்பரிடம் கொடுத்தீர்கள். படங்களில் கம்பிகளையும் கறைகளையும் அழித்தே அந்தப் பேர் வாங்கியவர் அவர். இதற்குப் பதினோரு நாள் உட்கார்ந்ததாக அவரே என்னிடம் சொன்னார். அழித்தது வெளியே போன படத்தில்தான். மூலப் பதிவு நம் ஸ்டூடியோவில்தான் இருக்கிறது. போய்ப் பெரிதாக்கிப் பாருங்கள். லீவில் இருந்தவளின் மாவுக்கட்டு கெட்டிலுக்குள் எப்படிப் போனது என்று பதிவேட்டைக் கேளுங்கள்.

பாட்டில் விஷயம். கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. தடித்த கோடுகளோடு நிறுத்திவிட்டீர்கள். கோட்டைப் பாதியாக்கி, அதைப் பாதியாக்கி, மயிரிழை ஆகும் வரை போக வேண்டும். தடித்த கோடு, வெளிச்சம் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று மட்டும் சொல்லும். வீட்டு எண்ணை மெல்லிய கோடுதான் சொல்லும். நெடுக்குக் கோடுகள் முடிந்ததும் குறுக்குக் கோடுகளையும் ஓட விட்டீர்களா? விட்டிருக்க மாட்டீர்கள். மேடையில் நின்று இதையெல்லாம் எப்படித்தான் விளக்கினீர்களோ.

இதை எழுதியது உங்களுக்காக அல்ல. அந்த பாட்டிலை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

தங்கை

*

ஜூன் 21

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை மேசை மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். அதற்குள் அண்ணி படித்துவிட்டாள். அவள் படித்தால் வீட்டுச் சுவரும் படித்த மாதிரி. அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. மாவுக்கட்டோடு உன்னை வேலை வாங்கினேன் என்று மூன்று நாளாக அம்மா என்னோடு பேசுவதில்லை. எனக்குத் தட்டு வைக்கும்போது மட்டும் கொஞ்சம் பலமாக வைக்கிறாள். எனக்கு ஐம்பது நெருங்குகிறது, என்னை இப்படி நிற்க வைத்துவிட்டாய்.

அண்ணி சொல்கிறாள், "நீங்க சொல்லித்தானே லீவுன்னு எழுதினேன்? அப்பவே எனக்குப் பிடிக்கலை." அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறதாம். எனக்கு இல்லை. சத்தியமாக இல்லை. அந்த மாதம் நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ கதவைச் சாத்திக்கொண்டு கறுப்பறைக்குள் நிம்மதியாக இருப்பாய். வெளியே வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அதையும் வேலை என்று யாராவது கணக்கில் வைப்பார்களா?

சரி, லீவு விஷயம் நீ சொல்கிறபடியே இருக்கட்டும். அதற்காக எட்டு வருஷம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று ஆகிவிடுமா? நானும் அந்த அறையில் நின்றிருக்கிறேன். நானும் பதிவு செய்திருக்கிறேன். கரண்டிகள், கண்ணாடித் தட்டுகள், பித்தளைக் கதவுக் குமிழ், எத்தனையோ. பாதி உன்னுடையது என்றால் பாதி என்னுடையது.

நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று நேற்றே உன் மேடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன். எங்கள் ஸ்டூடியோவில் நடந்ததெல்லாம் குடும்பத்தின் கூட்டு உழைப்பு, இதில் அண்ணன் தங்கை என்று பிரித்துப் பார்ப்பது எங்கள் வழக்கமில்லை, கெட்டிலும் அப்படித்தான் என்று எழுதியிருக்கிறேன். அண்ணி பிழை திருத்திக் கொடுத்தாள், ஆனால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டேதான் கொடுத்தாள். இதற்கு மேல் நான் இறங்கி வர முடியாது. போனில் ஒன்றும் எழுத்தில் இன்னொன்றும் சொன்னால் என் பேர் என்ன ஆகும்?

மெல்லிய கோடுகள் வரை போனேன். கட்டங்கள் போய்விட்டன. பாட்டிலுக்குள் தோட்டம் தெரிகிறது.

அண்ணன்

*

ஜூன் 25

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை மேடம் எனக்கு வாசித்துக் காட்டினார். குடும்பத்தின் கூட்டு உழைப்பு என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "அப்போ நாளைக்கு இங்க ஒரு சாமான் வந்தா, நீங்க வந்து செய்வீங்களா, குடும்பத்தோட வருவீங்களா?"

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வெளியே வந்து, தங்கியிருக்கும் அறைக்குப் போகும் வழியெல்லாம், இனி இந்தத் தொழிலையே விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா பொத்தான் தைக்க ஆள் தேடுகிறார். பொத்தானில் யார் தைத்தது என்ற சண்டை வராது.

நீங்கள் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பொய்யை மறுக்கலாம். பாதி என்று எழுதினால் நான் என்ன செய்வது? இல்லை, முழுசும் என்னுடையதுதான் என்று சொன்னால் பேராசைக்காரி. பேசாமல் இருந்தால் பாதிக்காரி. நல்லவர் வேஷம் போட்டுக்கொண்டே என் கழுத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

எந்தப் பாதி என்று சொல்லுங்கள். நெடுக்குக் கோடுகள் நீங்களா, குறுக்குக் கோடுகள் நானா? வெளியே நீங்கள் பட்ட பாட்டை நான் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நீங்கள்தான். அதை யாராவது என்னிடம் விசாரித்தால் உங்கள் பேரைத்தான் சொல்வேன், பாதி என்று சொல்ல மாட்டேன். நான் கேட்பதும் அதே மரியாதையைத்தான். நாற்காலி எனக்கு வேண்டாம். நாலாவது வரிசையிலிருந்து நான் எழுந்து போனது, நீங்கள் அந்த மேடையில் கூட்டத்தைப் பார்த்து, என்னையும் பார்த்து, கண் அசங்காமல் "நானே ராப்பகலா நின்னு ஒவ்வொரு கோடா ஓட விட்டேன்" என்று சொன்னதால். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

நீங்கள் பதிவு செய்த சாமான்கள் உண்டு என்றால் எடுத்துக் காட்டுங்கள். எவர்சில்வரும் பித்தளையும் யாருக்கும் சலுகை தராது. எதிரே நின்றவர் யாரோ அவர் உள்ளே இருப்பார். மூலப் பதிவுகள் எல்லாம் உங்களிடம்தான் இருக்கின்றன. தேடுங்கள்.

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. இனி நான் எழுத மாட்டேன்.

தங்கை

*

ஜூன் 28

பாப்பா,

பாப்பா என்று எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கைக்குத் தெரியவில்லை. இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தேடுங்கள் என்றாயே, தேடி எடுத்து உன் மூஞ்சியில் வீசுகிறேன் என்றுதான் ரப்பரையும் கூட்டிக்கொண்டு கறுப்பறைக்குள் போனேன். எட்டு வருஷத்துப் பதிவுகளையும் இறக்கினோம். இரண்டு நாள் ஆயிற்று. பளபளப்பான எதையும் விடவில்லை. கெட்டில், கரண்டி, தட்டு, மணி, குழாய், கடிகாரத்தின் மூடி, எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் தேடியது என்னை.

முதலில் கெட்டில். நீ சொன்ன இடத்தில், நீ சொன்ன அளவில் இருக்கிறது. பெரிதாக்கினால் கட்டின் ஓரத்தில் துணி பிரிந்து தொங்குவதுகூடத் தெரிகிறது. விரல் நுனியில் என் சாக்ஸ். அதை அழிக்கச் சொன்னது நான்தான். லென்ஸில் கறை என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். "கறை இல்ல சார், கை மாதிரி இருக்கு" என்று ரப்பர் அப்போதே சொன்னார். எதுவாக இருந்தால் என்ன, அழியுங்கள் என்றேன்.

கரண்டிகளில் உன் கொண்டை தெரிகிறது. ஒரு தட்டில் நீ தும்முகிறாய். மணியில் நீ தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருக்கிறாய், தூங்கிவிட்டாய் போலிருக்கிறது. குழாயில் உன் முழங்கை. இருபத்தாறு சாமான்களில் ஏதோ ஒரு மூலையில் நீ இருக்கிறாய். கறுப்பு உடுப்பில், அவ்வளவு கவனமாக ஒளிந்துகொண்டும்கூட இருக்கிறாய். மற்றவற்றில் ஒருவரும் இல்லை. அவற்றில் நீ இன்னும் கவனமாக இருந்திருக்கிறாய் என்றார் ரப்பர்.

நான் ஒன்றே ஒன்றில் இருக்கிறேன். பித்தளைக் கதவுக் குமிழ். அதுவும் நீ தனியாக ஒதுக்கி, "வீண்" என்று எழுதி வைத்திருந்த பதிவு. குமிழின் நடுவில், சுண்டைக்காய் அளவு, கறுப்பறையின் கதவு திறந்திருக்கிறது. அதில் நான் நிற்கிறேன். காதில் போன், கையில் டீ. வெள்ளைச் சட்டை. உள்ளே பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்து, பட்டப்பகல் வெளிச்சத்தையும் சேர்த்து உள்ளே கொண்டுவந்து, ஒன்றரை மணி நேர வேலையைக் கெடுத்துவிட்டு, யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறேன். எட்டு வருஷத்தில் நான் இருக்கும் ஒரே படம் அதுதான். அதுவும் வீணான படம்.

அதை அண்ணியிடம் காட்டினேன். அவள் பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மேடையில் உன்னைப் பார்த்தேன் என்றாய். பார்த்தேன்தான். உன்னைப் பார்த்ததும் நாக்கு ஒரு நொடி தடுமாறியது. அப்போது நிறுத்தியிருக்க வேண்டும். கை தட்டத் தொடங்கிவிட்டார்கள். கைதட்டல் கேட்டதும் மனிதன் கெட்டுப்போகிறான். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்று காலை மேடத்துக்கு ஆள் மூலமாகவே அனுப்பிவிட்டேன். கெட்டிலின் மூலப் பதிவு, இருபத்தாறு சாமான்களின் படம், கதவுக் குமிழ், எல்லாம் இருக்கின்றன. கூடவே நான் எழுதியதை இங்கே அப்படியே எழுதுகிறேன். அண்ணியிடம் திருத்தக் கொடுக்கவில்லை.

"மேடம், போனில் நான் சொன்னது பொய். பிறகு எழுதியது அதைவிடப் பெரிய பொய். கெட்டிலைப் பதிவு செய்தது என் தங்கை. ஒடிந்த கையோடு செய்தாள். அவளை லீவு என்று எழுத வைத்தது நான். இந்த முறையை எங்கள் ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தது அவள் ஒருத்திதான். நான் அந்த அறைக்குள் ஒரே ஒரு முறைதான் பதிவாகியிருக்கிறேன். அந்தப் படத்தையும் இணைத்திருக்கிறேன். பார்த்தால் உங்களுக்கே புரியும். அவளை நீங்கள் எடுத்துக்கொண்டால் நஷ்டம் எனக்கு, லாபம் உங்களுக்கு. விருதைத் திருப்பிக் கொடுப்பதற்கும் எழுதியிருக்கிறேன்."

கெட்டில்காரர்கள் விளம்பரத்தை மறுபடி வெளியிடுகிறார்கள். இந்த முறை அந்த வெளுப்பை அழிக்க வேண்டாம் என்று ரப்பரிடம் சொல்லிவிட்டேன். வாடிக்கையாளர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அதுதானே என் வேலை.

அம்மா இன்னும் பேசவில்லை.

அண்ணன்

*

ஜூலை 6

அண்ணா,

வேலையில் சேர்ந்துவிட்டேன். கோபம் தீரவில்லை. அது தீரும்போது தீரும், நீ அவசரப்படுத்தாதே. அம்மாவிடம் நான் போனில் பேசிவிட்டேன். இனி தட்டு மெதுவாக வரும்.

ஆனால் உன் மன்னிப்புக் கடிதத்திலும் ஒரு தப்பு இருக்கிறது. கடைசிவரை உனக்கு ஒரு விஷயத்தை ஒழுங்காகச் சொல்ல வராதா?

கதவுக் குமிழ் பதிவு வீண் இல்லை. அன்று நீ கதவைத் திறந்ததும் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன், ஆத்திரத்தில் வீண் என்று எழுதினேன், அதெல்லாம் உண்மை. அதுவரை நம்மிடம் மூன்று திரைகள்தான் இருந்தன. பின்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. குமிழின் முன்பக்கம் எப்போதும் செத்த மாதிரி கறுத்துக் கிடக்கும். ஏன் என்று எனக்குப் புரியாமல் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அந்தப் பதிவைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு முறை ஓட்டினேன். குமிழின் நட்டநடுவில் கதவு, கதவில் வெளிச்சம், வெளிச்சத்தில் நீ. குமிழ் அதிகமாகப் பார்த்துக்கொண்டிருப்பது கேமரா இருக்கும் பக்கத்தைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தப் பக்கமும் ஒரு திரை வேண்டும், நடுவில் லென்ஸுக்கு ஓட்டை வேண்டும் என்று அன்று மத்தியானமே தச்சரைக் கூப்பிட்டேன். நாலாவது திரை அப்படித்தான் வந்தது. அது இல்லாவிட்டால் கெட்டில் இல்லை.

இதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் தலைகால் தெரியாமல் ஆடுவாய் என்று பயந்தேன். அது என் தப்பு. உண்மையை எழுது என்று உன்னை நாலு வாரமாகக் குடைந்துவிட்டு, எனக்குத் தெரிந்ததை நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

இங்கே ஒரு நல்ல வழக்கம். ஒவ்வொரு படத்தின் கடைசியிலும் யார் எதைச் செய்தார் என்று ஒன்று விடாமல் போடுகிறார்கள். மேடம் கெட்டில்காரர்களிடம் பேசியதில், நம் படம் மறுபடி வெளியாகும்போதும் அப்படிப் போட ஒத்துக்கொண்டார்கள். அதற்கான வரிகளை என்னையே எழுதித் தரச் சொன்னார்கள். பதிவு என்று எழுதி, பக்கத்தில் என் பேரைப் போட்டேன். வெளுப்பை அழித்துப் பிறகு திருப்பி வைத்தவர் என்று ரப்பரைப் போட்டேன். வாடிக்கையாளரிடம் பதில் சொன்னவர் என்று உன்னைப் போட்டேன், முழுசாக.

அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன். மேடம் படித்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். அவர் கேட்டாலும் அதை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கதவைத் தட்டாமல் திறந்தவர்: அண்ணன்.

உன் தங்கை

பி.கு. சாக்ஸைத் தேடாதே. என்னிடம்தான் இருக்கிறது.